யார் பெரிய மக்கு?

வாலுவின் அக்கா ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் "ஏய், தள்ளு", "ஏய், தொடாதே" என்பதுதான் வரும். ஆனால் பள்ளி விட்டதும் கடைசி அறையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அதே வாயிலிருந்து "கண்ணு", "தங்கம்", "எங்கே, இன்னொரு தடவை போடு பார்க்கலாம்" என்று தேனாக ஒழுகியது.

வாலு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பத்து வயதில் இவ்வளவு வயிற்றெரிச்சல் ஆகாதுதான். ஆனாலும் எரிந்தது.

அதிலும் பொத்தானைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் வகுப்புப் பையன். சட்டைப் பொத்தானை எப்போதும் ஓர் ஓட்டை தள்ளியே போடுவான். அதனால் அந்தப் பெயர். அவனுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை என்று அக்கா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போதாததற்கு, அவன் சட்டையைச் சரிசெய்து வேறு விட்டாள்.

"என் சட்டையை என்னைக்காவது இப்படிப் போட்டு விட்டிருக்காளா?" என்று வாலு பொருமினாள்.

முன்பெல்லாம் சாயங்காலம் இருவரும் கேரம் ஆடுவார்கள். சண்டை வரும், காய் பறக்கும், ஆனாலும் ஆட்டம் நடக்கும். இந்த வகுப்பு தொடங்கியதிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்ததும் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "டயர்டா இருக்குடி, ஆளை விடு."

மறுநாள் வாலு நோட்டும் கையுமாக அந்த அறை வாசலில் போய் நின்றாள்.

"எனக்கும் கழித்தல் வரலக்கா."

அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கா? போன பரீட்சையில நூத்துக்கு நூறு வாங்கினியே!"

"மறந்துபோச்சு."

"அது என்ன சைக்கிள் சாவியா, மறக்கிறதுக்கு?"

கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது கணக்கு டீச்சர் போட்ட விதி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "போய் பொத்தான் பக்கத்துல உட்காரு, தங்கம்" என்றாள். அந்தத் தங்கம் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் வந்தது. வாலுவுக்கு அதுவே போதும்.

தப்பாகப் போடுகிறவர் பக்கத்தில்தான் அக்கா உட்காருவாள் என்பதை அவள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். அதனால் பொத்தான் ஒரு தப்புப் போட்டால் இவள் இரண்டு போட்டாள். ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால் முப்பத்தைந்து என்று அவன் எழுதினான். இவள் எழுபத்தொன்பது என்று எழுதினாள்.

"கழிச்சா எப்படிடி கூடும்?" என்று அக்கா தலையில் கை வைத்தாள். ஆனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வாலுவுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. ஒரு நாள் அக்கா சாக்பீஸ் எடுக்கப் போயிருந்தபோது பொத்தான் மெதுவாகச் சொன்னான்.

"வாலக்கா, நான் நாளையிலேர்ந்து வர மாட்டேன்."

"ஏன்?"

"நீ அஞ்சாவது. உனக்கே வரல. அப்போ எனக்கு எப்பவுமே வராது. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் அழவில்லை. பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினான்.

பொத்தான் போய்விட்டால் அக்காவின் பக்கத்து இடம் காலி. வாலு ஆசைப்பட்டதும் அதற்குத்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. அவள் பொய்யாகப் போட்ட தப்புகளை எல்லாம் இந்தப் பையன் நிஜமென்று நம்பிவிட்டானே!

'எனக்கு எல்லாம் தெரியும், சும்மா நடிச்சேன்' என்று சொல்லிவிடலாம். சொன்னால், 'அப்போ நான் மட்டும்தான் மக்கு' என்று அவன் இன்னும் சுருங்கிப்போவான். வாலு நகத்தைக் கடித்தாள். பிறகு, மேசைக்கு அடியில் கிடந்த ஒன்றாம் வகுப்புக் குச்சிப் பெட்டியை இழுத்தாள். பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டிய குச்சிகள்.

"போறதுதான் போறே. ஒரே ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்துட்டுப் போ."

"நானா?"

"எனக்கு நோட்டுல பார்த்தா தலை சுத்துது. குச்சியில காட்டு. அதே அம்பத்திரண்டு கணக்குதான்."

பொத்தான் ஐந்து கட்டும் இரண்டு தனிக் குச்சியும் எடுத்து வைத்தான். "ஏழு எடுக்கணும். ரெண்டுதானே இருக்கு? அதனால ஒரு கட்டைப் பிரிக்கணும்." பிரித்தான். பன்னிரண்டு குச்சியில் ஏழு போக ஐந்து நின்றது. "அடுத்தது, கட்டுல ரெண்டு எடுக்கணும்."

"அஞ்சு கட்டுல ரெண்டு போனா மூணு. முப்பத்தஞ்சு!" என்று வாலு முந்திக்கொண்டாள்.

பொத்தான் தலையாட்டப் போனான். அதற்குள் மேசையைப் பார்த்துவிட்டான். எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

"ஐயோ வாலக்கா! அஞ்சு எங்கே இருக்கு? நாலுதான் இருக்கு! ஒண்ணைத்தான் நாம பிரிச்சிட்டோமே! அதையும் சேர்த்து எண்ணுறியே, மக்கு!"

"அப்படியா? அப்போ எவ்ளோ?"

"ரெண்டு கட்டு, அஞ்சு குச்சி. இருபத்தஞ்சு!"

கத்திய கையோடு நோட்டைத் திறந்தான். பழைய கணக்குகளை எல்லாம் அடித்துவிட்டு, முதலிலிருந்து போட ஆரம்பித்தான்.

வாலுவை இதுவரை யாரும் மக்கு என்று சொன்னதில்லை. சொன்னால் அவள் சும்மா விடுகிற ஆளும் இல்லை. இன்று சிரிப்பை அடக்கத்தான் பெரும்பாடு பட்டாள்.

சாக்பீஸோடு வந்த அக்கா அசந்துபோய் நின்றாள்.

"எனக்கு வந்துடுச்சுக்கா!" என்று பொத்தான் நோட்டை நீட்டினான். "நாளைக்கும் வருவேன். வாலக்காவுக்குத்தான் இன்னும் சரியா வரல. அவங்களை நான் பார்த்துக்கிறேன். நீங்க மத்தவங்களைக் கவனிங்க."

அக்கா நோட்டைப் பார்த்தாள். குச்சிகளைப் பார்த்தாள். கடைசியாக வாலுவைப் பார்த்தாள்.

பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, "ஏய்" என்றாள். "ரெண்டு வாரமா தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினேன். என்கிட்ட வராதது உன்கிட்ட எப்படிடி வந்துச்சு?"

அவள் குரல் லேசாகப் புகைந்தது. அந்தப் புகை வாலுவுக்கு நன்றாகப் பழக்கம்.

"உட்காருக்கா, சொல்றேன்" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அக்கா சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். "சரி, சொல்லு."

வாலு அவசரப்படவே இல்லை. குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.