ஒரு வீட்டுக்கு ஒரு வேலை

“கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்ல. உங்களுக்கு?”

அவள் பேனா நின்றது. நிமிர்ந்தாள்... ஜன்னலுக்கு வெளியே, மழையில் தொப்பலாக நனைந்த ஒருவன். நீர் சொட்டும் முடிக்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள்.

“கேள்வி கேக்கறது நான். பதில் சொல்றது நீங்க.”

“சரிங்க எழுத்தரம்மா.”

ஊரில் பாதி ஆலைகள் மூடிக் கிடந்த வருஷம் அது. அரசாங்கம் சாலை போடும் வேலையை நிவாரணமாகத் தொடங்கியிருந்தது. அதற்குப் பெயர் பதியும் அலுவலகத்தில் அவள் எழுத்தர். அவன் இரும்பாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டியவன். இப்போது அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தான். குடும்பஸ்தர்களுக்கே முதலிடம் என்று விதி. பொய் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. மூன்று வாரம் அவள் ஜன்னல் முன் வரிசையில் நின்று, நான்காவது வாரம்தான் அவள் கையால் வேலை அட்டை வாங்கினான்.

வாரம் ஒருமுறை வருகையைச் சரிபார்க்க அவள் சாலை வேலை நடக்கும் இடத்துக்குப் போவாள். புதிதாக வந்த எட்டு மணி நேரச் சட்டத்தால் ஐந்து மணிக்கே விசில் ஊதிவிடும். சட்டம் போட்டவர்களுக்கு எங்கே தெரியும்... மிச்சமான அந்த வெளிச்சத்தில் இரண்டு பேர், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, பேசிக்கொண்டே நடக்கிறார்கள் என்று.

திடீரென்று ஒரு வாரம் அவன் காத்திருக்கவில்லை. அடுத்த வாரம் அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பினான். அவள் விடவில்லை. தூறலில் நனைந்துகொண்டே ஜல்லிக் குவியலருகே போய் மறித்தாள்.

“என் மேல என்ன கோபம்?”

“கோபமெல்லாம் இல்ல.” சம்மட்டியின் பிடியையே பார்த்தான். “புது உத்தரவு ஒட்டியிருக்காங்க. ஒரு வீட்டுக்கு ஒரு வேலைதானாம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சர்க்கார் சம்பளம் வாங்கக் கூடாதாம். உங்க அப்பா படுத்த படுக்கையா இருக்கார். உங்க பொழப்புல மண்ணப் போட எனக்கு மனசில்ல.”

புருஷன் பொண்டாட்டி... அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை. அவளுக்குக் காது மடல் சுட்டது. கூடவே கோபமும் வந்தது.

“வேலைய நான்தான் விடணும்னு யார் சொன்னா?”

“பின்ன?”

“நீங்க விடுங்க.”

அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான்.

“உங்க இடத்துக்குப் பட்டியல்ல அடுத்தவர் வரட்டும். அவருக்கு மூணு பிள்ளைங்க. ஆலை திறக்கற வரைக்கும் நீங்க அப்பாவப் பாத்துக்குங்க. நான் சம்பாதிக்கறேன்.”

“பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து சாப்பிடறான்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். ஊரே வேலையில்லாம கிடக்கு. அதுக்கும் பொழுது போக வேணாமா?”

சிரிப்பு வந்தும் அவன் சிரிக்கவில்லை. சம்மட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினான். இரண்டு நாளும் அவளுக்கு அதே நினைப்பு... அவசரப்பட்டுவிட்டோமோ?

மூன்றாம் நாள் காலை, வரிசையில் நின்று அவள் ஜன்னலுக்கு வந்தான். வேலை அட்டையை உள்ளே நீட்டினான்.

“அடுத்தவருக்குக் குடுத்துடுங்க.” அட்டையை விடாமலே சொன்னான். “இது கைக்கு வந்தன்னிக்கு எனக்குச் சந்தோஷமே வரல, தெரியுமா?”

“ஏன்?”

“அடுத்த வாரம் இங்க வந்து நிக்கக் காரணம் இல்லாமப் போச்சேன்னு...”

அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

“அன்னிக்கு இந்த அட்டையில உங்க பேர எழுத எனக்கும் கை வரல” என்றாள்.