இரண்டுக்கு ஒன்று

விசாரணை முடிந்து ஒரு மாதம் கழித்து, நல்ல வெயில் நேரத்தில் அவள் ரயில்வே சிக்னல் அறைக்குத் திரும்பினாள். தரையில் பினாயில் வாசனை. ஏசி முனகிக்கொண்டிருந்தது.

"உன்மேல தப்பில்லன்னு எழுதியே குடுத்துட்டாங்களேம்மா. மனச விட்டுடாத" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

தண்டவாளம் காலியா இல்லையா என்று அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள் தனித்தனியே சொல்லும். ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் ஒத்துப்போனால் போதும். ஆனால் ஒன்று மாறிச் சொன்னால், யாராவது நேரில் போய்ப் பார்த்த பிறகே ரயிலை விட வேண்டும். அன்றைக்கு இரண்டு 'காலி' என்றன. மூன்றாவது மட்டும் 'இல்லை, இல்லை' என்று அடம்பிடித்தது. அவள் அதை அணைத்தாள். 'நேரில் பார்த்தாயிற்று' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு ரயிலை விட்டாள்.

வளைவில் தள்ளுவண்டியோடு நின்றிருந்தான், அவளை அக்கா என்று கூப்பிடும் லைன்மேன்.

இப்போது, தண்டவாளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விளக்கு உள்ள சுவர்ப் பலகையில் ஏழாம் விளக்கு சிவந்தது.

அந்த வளைவு.

"அங்க வேலையே நடக்கலையே" என்று முணுமுணுத்தார் அவர்.

ஏழு அணைந்தது. ஆறு சிவந்தது. சற்றுப் பொறுத்து ஐந்து. ஒரு ஆள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வேகம். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம் வெறுமையாக மின்னிக்கொண்டிருந்தது. திரைகளைப் பார்த்தாள். புதிதாக மாற்றியது உட்பட மூன்றும் ஒரே பதிலைச் சொல்லின.

காலி இல்லை.

"இங்கிருந்தே தெரியுதே, ஒண்ணுமில்ல. பாத்தாச்சுன்னு எழுதிட்டு வண்டிய விடும்மா."

"அன்னிக்கும் அப்படித்தான் சார் எழுதினேன்."

"என்னது?"

"நான் போய்ப் பாக்கவே இல்ல சார்."

அவர் முகம் வெளிறியது. ஃபோனை எடுத்து, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தச் சொன்னார்.

இரண்டு. ஒன்று.

பிறகு எல்லா விளக்குகளும் அணைந்தன. அவர் பெருமூச்சு விட்டார்.

கீழே இரும்புப் படியில் ஒரு காலடி. இன்னொன்று. பலகையில் படிகளுக்கு விளக்கு கிடையாது.

"உங்களுக்கும் கேக்குதா சார்?"

அவர் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டார்.

காலடிகள் கதவுக்கு வெளியே வந்து நின்றன.

அவள் எழுந்தாள். அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, தாழை நீக்கினாள்.