அக்கராயனில் விலைபோன குரல்

1965 மார்ச். தேர்தல் முடிந்து ஒரு கிழமை. காலை ஏழு மணிக்கு அக்கராயன் விவசாயச் சங்கக் கட்டடத்திலிருந்து ஒரு ஒலிநாடா களவு போய்விட்டதென்று கூக்குரல் எழுந்தது.

கூவியவர் இரவு அங்கேயே தங்கியிருந்த கலாநிதி தில்லைநாதன். தேர்தலில் யார் எவ்வளவு காசு கொட்டுகிறார்கள் என்று ஆராய்ந்தே பல்கலைக்கழகத்தில் பெயர் எடுத்தவர். மூன்று வருடமாக வன்னிக்கு வந்து போகிறார்; காரைவிட்டு அதிகம் இறங்கியதில்லை. வென்ற வேட்பாளரின் ஆட்கள் வாக்குக்கு என்ன கொடுத்தார்கள் என்று இம்முறை வயல் செய்யும் இருபது கமக்காரர் அவரை நம்பி, தம் பெயரும் சொல்லிப் பேசியிருந்தார்கள். அந்தக் குரல்கள் வேட்பாளரின் கையாள் யோகலிங்கத்தின் காதுக்கு எட்டினால் இருபது பேருக்கும் காணி பறிபோய்விடும். அதில் ஒருத்தி விதவை இரஞ்சிதம்.

நாடா இருந்த பெட்டி, வெறும் பெட்டியாக, பக்கத்து நெற்களத்து வைக்கோலுக்குள் கிடந்தது. களம் இரஞ்சிதத்தின் அண்ணன் ஏரம்புவுடையது. யோகலிங்கத்துக்குச் சுவரொட்டி ஒட்டித் திரிந்தவன் அவன். ஊருக்கு அது போதாதா?

"கூடப் பிறந்தவளையே வித்துப்போட்டானே!" என்று காறித் துப்பினார்கள்.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் மயில்வாகனம் வந்தார். களத்தில் ஏரம்புவின் நெல் குவிந்து கிடந்தது. ஓரத்தில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தார். திரும்பி வந்து கலாநிதியிடம் கேட்டார்.

"ஏரம்புவைக் கண்டனீங்களோ?"

"ஓம். விடியக்காலமை, பெட்டியோடை."

"எங்கை நிண்டவன்?"

"களத்துக்கு நடுவிலை. நெற்குவியலடியிலை."

"எப்பிடி முழிச்சனீங்கள்?"

"செருப்புச் சத்தம். பதருக்கு மேலை சரக் சரக்கெண்டு நடந்தவன். யன்னலாலை வடிவாப் பாத்தனான்."

"செருப்போடைதானோ?"

"சத்தியம் பண்ணுவன்."

கூடி நின்ற கமக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உங்கடை காரைத் திறவுங்கோ," என்றார் மயில்வாகனம்.

மேலதிகச் சக்கரத்துக்கு அடியில், பழந்துணியில் சுற்றியபடி நாடா இருந்தது.

"களவெடுத்தது நீங்கள்தான், கலாநிதி. நெற்பொலி கிடக்கிற களம் கோயில் மாதிரி. அதுக்குள்ளை இந்த ஊரிலை ஒருத்தனும் செருப்போடை கால் வையான். கள்ளனும் கழற்றிப்போட்டுத்தான் வருவான். பொய் சொல்லுறதுக்கும் ஊர் தெரிஞ்சிருக்க வேணும். யோகலிங்கம் என்ன தாறனெண்டவன்?"

"கொழும்பிலை ஒரு ஆணைக்குழுவிலை இடம். சும்மா குடுத்தால் பல்கலைக்கழகத்திலை கேப்பினம். களவு போனதெண்டால் ஒருத்தருக்கும் பாதகமில்லையெண்டு..."

"ஏரம்புவுக்கு?"

"அவன் எப்பிடியும் அவையின்ரை ஆள்தானே."

மயில்வாகனம் எத்தனையோ கள்ளரைப் பிடித்தவர்தான். ஆனால் ஏழைகளின் விலையை மூன்று வருடம் கேட்டு எழுதிவிட்டுத் தன் விலையையும் இப்படிக் கூசாமல் சொல்லும் பிறவியை அவர் கண்டதில்லை.

இரஞ்சிதம் வேலியடியிலிருந்து முன்னே வந்தாள்.

"நான் ஒரு சீலைக்கு வாக்கை வித்தனான், ஐயா. அதைச் சொல்லேக்கை இவரின்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் நிலத்தைப் பாத்துத்தான் கதைச்சனான்."

அவள் தலையை நிமிர்த்திக் கலாநிதியை நேராகப் பார்த்தாள்.

"இந்த மனுசனுக்கு முன்னாலையோ நான் வெக்கப்பட்டனான்?"