தாயுருவும் நாலாயிரம் வளையங்களும்

அன்று காலை, செவ்வாயின் செந்திடல் குடியிருப்பில், நாலாயிரம் வீடுகளிலும் டம்ளர்களின் விளிம்பு காணாமல் போயிருந்தது. யாரும் திகைக்கவில்லை, திட்டினார்கள். விளிம்பில்லாத டம்ளரை எங்கே பிடித்துக் காப்பி ஆற்றுவது? விரல் வெந்ததுதான் மிச்சம்.

அங்கே எல்லாம் அப்படித்தான். டம்ளரோ கதவோ, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாயுரு, அதாவது மூல வரைபடம், கணினிக்குள் இருக்கும். வீடுகளில் இருப்பவை அதன் சேயுருக்கள். உருமாறும் உலோகத்தால் ஆனவை. தாயைத் திருத்தினால் போதும், அரை மணிக்குள் அத்தனை பிள்ளைகளும் அதேபோல் மாறிவிடும். ஒரே பொருளை நாலாயிரம் தடவை வரையும் பாடு இல்லை.

தாயுருக்களைக் காப்பது பூரணவல்லியின் வேலை. உலோகம் மிச்சமாகட்டுமே என்று விளிம்பைச் சீவியவளும் அவள்தான். அவள் காப்பி குடிப்பதில்லை; அதுதான் வந்த வினை. பகலுக்குள் விளிம்பைத் திரும்ப வரைந்துவிட்டாள். ஊர் சட்டென்று அமைதியாயிற்று. அந்த அமைதியை அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், மாலை ஐந்து மணிக்குப் புழுதிப்புயல் என்று தகவல் வந்தது. வீட்டு வாசல்களில் கதவைச் சுற்றிக் காற்றை அடக்கிவைக்கும் பழைய வளையம் அந்த அரிப்பைத் தாங்காது. எல்லா வீட்டுக்கும் காற்று ஒரே குழாயில் வருவதால், ஒரு வாசல் கசிந்தாலும் தெருவே மூச்சு முட்டும். பூரணவல்லி தாயுருவின் தடிமனை அரை விரல் கூட்டினாள். உதவி எந்திரம் தும்பி எண்ணிப் பார்த்தது.

"மாறின வளையம், ஒண்ணு."

"ஒண்ணா? நல்லா பாரு."

"பாத்துட்டேன் அக்கா. நம்ம ஆபீஸ் கதவு மட்டும்தான். மத்த எல்லாரும் கொடியறுத்துட்டாங்க."

கொடியறுப்பது என்றால், சேயுருவைத் தாயிடமிருந்து பிரித்துத் தனிப்பொருளாக்கிவிடுவது. பிறகு வீட்டுக்காரர் விரல் வைத்து ஒப்பினால்தான் அது மாறும்.

"என் வீட்டு வளையம்?"

"நீங்க போன வருசமே அறுத்துட்டீங்க."

அவள் பக்கத்து வீட்டு ஜெபமணியிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, உங்க வளையத்துல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே தாயி."

"பின்ன எதுக்கு அறுத்தீங்க?"

"டம்ளர் விளிம்பைச் சீவுனவ நாளைக்கு வாசலையும் சீவ மாட்டியா? எதுக்கும் இருக்கட்டும்னுதான். நான் ஒருத்தன் அறுத்தா ஊரு முங்கிருமாக்கும்!"

நாலாயிரம் பேரும் அப்படி நினைத்த அந்த ஒருத்தர்தான். ஆனால் வளையங்களுக்குள் மயிரிழை வித்தியாசமும் இல்லை.

அனைவரும் உடனே புதிய வளையத்தை ஏற்க வேண்டும் என்று அறிவித்தாள். ஒரு மணி நேரத்தில் பதினோரு பேர் ஏற்றார்கள். மற்றவர்கள், முதலில் அடுத்த வீட்டில் மாறட்டும், பார்ப்போம் என்று காத்திருந்தார்கள். மணி மூன்று. குழாயடியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

அறிவிப்பை அழித்துவிட்டு வேறொன்று எழுதினாள்: 'இந்த வளையம் உங்கள் வீட்டுக்கென்றே தனியாக வரைந்தது. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் சொல்லிவிடாதீர்கள்.'

"தும்பி, இதை எல்லாருக்கும் அனுப்பு."

"எல்லாருக்குமா? ஒண்ணுதான்னு போட்டிருக்கே அக்கா!"

"அனுப்பு, சொல்றேன்."

நாலு மணிக்கு மூவாயிரம். ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கையில் தும்பி சொன்னது: "ஒரே ஒரு வீடு பாக்கி."

"எந்தக் கழுதை அது?"

"நீங்கதான் அக்கா."

விழுந்தடித்து ஓடி விரல் வைத்தாள். வளையம் பருத்து இறுகவும், புழுதி வந்து மோதவும் சரியாக இருந்தது. எந்த வீட்டிலும் மூச்சளவு காற்றுகூடக் கசியவில்லை.

மறுநாள் காலை ஜெபமணி காப்பியை ஆற்றியபடியே அவளைச் சைகை காட்டி அழைத்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, எனக்கு அனுப்புனியே, அத யார்கிட்டயும் மூச்சு விடல. ஆனா மத்தவங்கல்லாம் அந்தப் பழைய வளையத்த வச்சுக்கிட்டு எப்படித்தான் தப்பிச்சாங்களோ, பாவம்!"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் அவள், முகத்தை மாற்றாமல்.

வீட்டுக்குள் நுழையும்போது தன் வாசல் வளையத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அண்ணாச்சி வீட்டு வளையத்தைவிட அது கொஞ்சம் நன்றாகத்தான் அமைந்திருந்தது.