கழுத்துக்குக் கீழே மாப்பிள்ளை

டவுன் பஸ் வீரபாண்டியைத் தாண்டியதும், சகாய பிரவீன் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு உதவி செய்தான். அந்த உதவியில் அவளுடைய ஐந்து மணி நேர உழைப்பு அழிந்து போனது.

தப்பு முழுக்க அவனுடையதுதான். சின்னமனூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் அவனுக்கு வேலை. தேனியில் குழாய்ச் சுருளை வாங்கி பஸ்ஸில் ஏற்றியபோதே, "ஏலே, ஒழுங்காக் கட்டியிருக்கியா?" என்று கண்டக்டர் ஒச்சாண்டி கேட்டார். "இரும்பாட்டம் கட்டியிருக்கேன்ணே" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

வெளியே சாரல். ஒரு வளைவில் இரும்பு அவிழ்ந்தது. சுருள் எழுந்து நின்று, கூட்டத்துக் கால்களுக்கு நடுவே டயர் போல உருண்டோடி, டிரைவரின் முதுகில் போய் முட்டியது. டிரைவர் பதறிப் பிரேக் அடித்தார்.

ஜன்னலோரப் பெண்ணின் மடியிலிருந்து டேப்லெட் ஒன்று வழுக்கியது... பிரவீன் கடைகளில் பார்த்ததெல்லாம் இதன் பிள்ளைகளாக இருக்க வேண்டும். இது சோற்றுத் தட்டைவிடப் பெரிது. திரையில் ஓர் ஓவியம். திராட்சைப் பந்தலுக்குக் கீழே, கல்யாணக் கோலத்தில் ஒரு பெண்ணும் ஆணும்.

பாய்ந்து பிடித்துவிட்டான்! கட்டை விரல்கள் இரண்டையும் கண்ணாடி மேல் அழுத்தி, கோயில் தட்டைப் போல நெஞ்சோடு ஏந்தினான்.

"கையை எடுங்க!" என்று கத்தினாள் அவள்.

"எடுத்தா விழுந்துரும்ங்க!"

இன்னும் இறுக்கினான். திரையில் ஏதோ விபரீதம் நடந்தது. குலை குலையாகத் தொங்கிய திராட்சை மறைந்தது. மாப்பிள்ளையின் வேட்டி போயிற்று... ஐயோ என்று நினைப்பதற்குள் மாப்பிள்ளையே போய்விட்டான். பெண்ணின் பட்டுச்சேலை வெளிறி, கூந்தல் கரைந்து, கடைசியில் வெள்ளைத் திரையில் இரண்டு கண்கள் மட்டும் மிஞ்சின. அகலமான, ஓரத்தில் லேசாக மேலேறிய கண்கள்...

நிமிர்ந்தான். அதே கண்கள் எதிரே இருந்தன. இமையில் ஒரு சாரல் துளி. உள்ளே நெருப்பு.

"ரெண்டு விரலை வச்சு அழுத்துனா, வரைஞ்சது ஒவ்வொண்ணாப் பின்னாடி போயிரும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "சரி விடுங்க. மூணு விரல் வச்சாத் திரும்ப வந்துரும்."

"இங்கனயா?" பரிகாரம் செய்யும் ஆர்வத்தில் ஒரு விரலை நீட்டினான். திரையில் கோணலாக ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

அவள் டேப்லெட்டை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"புதுசா ஒரு கோடு விழுந்தா பழசு வராது. இப்ப அதுவும் போச்சு."

அவள் பெயர் நதியா. வீரபாண்டிக்காரி. டிஜிட்டல் ஓவியம் வரைந்து பத்திரிகை, பேனர் வேலையெல்லாம் செய்கிறாள். இந்த விவரங்களைச் சொன்னவர் ஒச்சாண்டி. அவளுக்கு ஆபீஸே இந்த பஸ்தானாம். மகளிருக்கு டிக்கெட் கிடையாது என்பதால் தேனிக்கும் சின்னமனூருக்குமாகப் போய்ப் போய் வருகிறாள்.

"வீட்ல உக்காந்தா, சும்மாத்தானே இருக்கேன்னு வெங்காயம் உரிக்கச் சொல்வாக" என்றாள் நதியா. "போனைப் பையில போட்டுட்டு இங்கன ஏறிட்டா, இதுவும் நானும் மட்டும்தான். ஒரு பயலும் தொந்தரவு பண்ண மாட்டான். இன்னைக்கு வரைக்கும்."

"ஆடுற பஸ்ஸுல கோடு கோணாதாங்க?"

"கை ஆடுனாலும் கோட்டை இது நேராக்கிரும். கூட வாரவுகளைத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

தண்டனையும் அவளே விதித்தாள். அழிந்த மாப்பிள்ளையை மறுபடி வரையும் வரைக்கும், அவன் எதிர்ச் சீட்டில் ஆடாமல் உட்கார்ந்து மாடலாக இருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை போட்டோ இல்லையாங்க?"

"இல்லை."

"யாரு கல்யாணம்?"

"கல்யாணம்தான்."

இது என்ன பதில் என்று குழம்பியபடியே பிரவீன் மறுநாள் பஸ் ஏறினான். அதற்கு மறுநாளும் ஏறினான். சின்னமனூர்க் கடைக்காரனுக்கு தேனியில் தினமும் என்ன வேலை என்று முதலாளி கேட்டார். ஒரு நாள் வால்வு, ஒரு நாள் வாஷர், ஒரு நாள் வாங்கிய வாஷரைத் திருப்பிக் கொடுப்பது என்று சமாளித்தான். இவ்வளவு வாஷர் இந்தப் பள்ளத்தாக்குக்கே தேவைப்படாது.

அவள் பேனாவைப் பிடித்துவிட்டால் உலகம் நின்றுவிடும். ஜன்னலில் தென்னையும் வாழையும் ஓடும்... அவள் பார்வை மட்டும் அவன் மேல் வந்து, திரைக்குப் போய், மறுபடி அவன் மேல் வரும். பெற்றவர்கள்கூட அவனை அப்படிப் பார்த்ததில்லை. ஆனால், மிக்சி ரிப்பேர் பார்ப்பவர் மிக்சியைப் பார்ப்பதும் இப்படித்தானே? இது எந்தப் பார்வை?

"சிரிக்காதீக."

"சிரிக்கலைங்க. மூஞ்சியே இப்படித்தான்."

அவள் உதட்டோரம் துடித்தது. சிரிப்பா, சலிப்பா? அதுவும் புரியவில்லை.

ஒன்பதாம் நாள் எட்டிப் பார்த்தான். அவனுடைய தோள். அவனுடைய விரல்கள். குழாய் அறுக்கும்போது பட்ட தழும்புகூட இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் வெறும் வெள்ளை.

"தலை எங்கங்க?"

"தலை பெறகு."

அன்று இறங்கும்போது ஒச்சாண்டி காதோடு சொன்னார். "ஞாயித்துக்கெழமை அந்தப் புள்ளையப் பொண்ணு பாக்க கெங்குவார்பட்டியில இருந்து வாராகளாம். தெரியுமாலே?"

"முடிவாயிருச்சாண்ணே?"

"ஆயிருக்கும். ஆகாமலும் இருக்கும். எறங்குலே, பின்னாடி வண்டி வருது."

பிரவீனுக்கு அப்போதுதான் விளங்கியது... விளங்கிய மாதிரி இருந்தது. அவன் கழுத்து வரைக்கும்தான் மாப்பிள்ளை. தலை கெங்குவார்பட்டியிலிருந்து வருகிறது.

அதோடு பஸ்ஸை விட்டான். வீட்டில் இருந்த பழைய பைக்கைத் தட்டி எழுப்பினான். அவள் வீட்டில் கௌமாரியம்மன், அனுமந்தன்பட்டியில் தன் வீட்டில் மாதா படம். எப்படியும் இது ஆகிற காரியமா என்று தனக்குத்தானே நியாயம் பேசினான். மானஸ்தன் போல மூன்று நாள் நடந்துகொண்டான். சாப்பாடுதான் இறங்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் நூறு மீட்டர் குழாய் கேட்டதற்கு, "பொண்ணுக்குச் சம்மதமாண்ணே?" என்று கேட்டுவிட்டான்.

திங்கட்கிழமை மத்தியானம் மழை வெளுத்து வாங்கியது. கடை வாசலில் நதியா வந்து நின்றாள். தலை முழுக்க நனைந்திருந்தது. டேப்லெட் மட்டும் உரச்சாக்குக்குள் பத்திரமாக இருந்தது.

"பஸ்ஸுக்கு ஏன் வரலை?"

"வா... வாஷர் தீரலைங்க."

"பொய்."

"ஞாயித்துக்கெழமை வந்தாகளாமே..."

"வந்தாக. கேசரி தின்னாக. கல்யாணத்துக்குப் பெறகு இந்த வரையுற பலகையெல்லாம் எதுக்கு, வித்துட்டு ஒரு வளையலு வாங்கிக்கிடலாம்னு அந்தாளு சொன்னாரு. காபித் தட்டை அவரு கையிலயே குடுத்துட்டு உள்ள போயிட்டேன்."

பிரவீன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான். அவள் சாக்கைப் பிரித்து, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

பந்தலுக்குக் கீழே மாப்பிள்ளை. இப்போது தலை இருந்தது. ஒழுங்காக வாராத முடி, ஒரு பக்கம் தூக்கிய புருவம், எந்த நேரமும் சிரிப்பது போலவே இருக்கும் மூஞ்சி... அவன்தான். பக்கத்தில் மணப்பெண்ணின் கண்கள், எதிரே நிற்பவளின் கண்கள்.

ஆனாலும்... மாடலாக உட்கார்ந்தவன் முகத்தைத்தானே போடுவார்கள்? வேலைக்காக வரைந்ததாக இருக்கலாமே?

"இது யாரு கல்யாணத்துக்குங்க?"

"யாரு கல்யாணத்துக்கும் இல்லை. ஆர்டர் பிடிக்கிறதுக்கு மாதிரிப் படம். காசு குடுத்து ஆளு வைக்க முடியாதுன்னு கண்ணாடியப் பாத்து என்னையவே பொண்ணா வரைஞ்சேன்."

"அப்ப நானும் மாதிரிதானா?"

"படத்தைப் பாத்தாத் தெரியலையா?"

"தெரியலைங்க" என்றான் பிரவீன். "பதினஞ்சு நாளா ஒண்ணும் தெரியலை. நீங்க கல்யாணம்தான்கிறீக, கண்டக்டரு ஆகும் ஆகாதுங்கிறாரு, நீங்க பாக்குற பார்வைக்கு அர்த்தம் கேட்க ஆளில்லை. நான் கொஞ்சம் மந்தம். எனக்கு நீங்கன்னா உசுரு, அது மட்டும் தெளிவாத் தெரியுது. உங்க மனசுல என்ன இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லிருங்க. இல்லைன்னாலும் சரி... நான் வாஷரை எண்ணிக்கிட்டு இருந்துக்கிறேன்."

நதியா முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். இந்த முறை அவள் உதட்டில் சிரிப்பு இல்லை, சலிப்பும் இல்லை.

"உங்களைப் பிடிச்சிருக்கு. கட்டுனா உங்களைத்தான் கட்டுவேன்னு எங்க அம்மாகிட்ட காலையில சொல்லிட்டேன். அழுதாக, ரெண்டு அடியும் போட்டாக. நான் மாறலை. உங்க வீட்ல நீங்க எப்பச் சொல்லப் போறீக?"