ஐஸ் வண்டியில் பாரசீகக் கவிதைகள்

“அண்ணே, வண்டிய எடுங்கண்ணே! இதென்ன உங்க சொந்தத் தெருவா?”

காஜிமார் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற வெள்ளை வேனின் கண்ணாடியை நிலோபர் படபடவென்று தட்டினாள். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. அவள் பிடித்து வந்த ஆட்டோக்காரர் வேனுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்து அலுத்துப்போய், வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி இறங்கியது.

“முன்னாடி கரண்டுக் கம்பம் சாஞ்சு கெடக்கு. பின்னாடி உங்க ஆட்டோ. நான் என்னங்க, பறக்கவா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் முகத்தில் வழிவது மழை மட்டுமில்லை என்று கண்டுகொண்டான் போல...

“ஏங்க... அழுகுறீங்களா?”

அவ்வளவுதான். இதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. மொட்டைமாடித் தண்ணீர் மச்சு வழியாக இறங்கி, அத்தாவின் அலமாரியில் இருந்த பழைய கையெழுத்துப் புத்தகங்கள் மொத்தமும் நனைந்துவிட்டன. ஐந்தாறு தலைமுறையாக வீட்டில் இருப்பவை. எல்லாம் பாரசீகக் கவிதைகள். அத்தாவோ ஜவுளி எடுக்க ஈரோடு போயிருக்கிறார்.

ஹைதராபாத்தில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவள் நிலோபர். நனைந்த ஏடுகளை அப்படியே விட்டால் தாள் ஒட்டிப் பூஞ்சை பிடித்துவிடும். உடனே உறையவைத்துவிட்டால் பிழைக்கும்... பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மெல்லக் காயவைக்கலாம். ஆனால் வீட்டில் கரண்டே இல்லையே! எங்காவது கொண்டுபோகலாம் என்று பிடித்து வந்த ஆட்டோவும் போய்விட்டது.

சொல்லிக்கொண்டே வந்தவளின் பார்வை வேனின் பக்கவாட்டில் நின்றது. ஐஸ்கிரீம் படம்.

“உள்ள... எம்புட்டுக் குளிர் இருக்கும்?”

“மைனஸ் பதினெட்டு. ஏன்?”

“இருக்கிறத இறக்கிட்டு எங்க புஸ்தகத்த ஏத்திக்கிறீங்களா?”

“என்னங்க இது! அழகர்கோவில் ரோட்டுல கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னைய உரிச்சிருவாங்க.”

அவள் நனைந்த இமைகளோடு பார்த்துக்கொண்டே நின்றாள். கெஞ்சவும் தெரியாத, விட்டுப்போகவும் தெரியாத கண்கள்... அவன் பெருமூச்சுவிட்டு போனை எடுத்தான்.

“மாப்ள, அந்தக் கல்யாண ஆர்டர உன் கடையில இருந்து அனுப்பிரு... காரணமா? சொன்னா நீ நம்ப மாட்ட.”

அன்று காஜிமார் தெருவே கொட்டும் மழையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டது.

நிலோபரும் அவள் அம்மா அமீருன்னிசாவும் ஒவ்வொரு புத்தகமாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கொடுக்க, அவன் பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கைகளாலும் வாங்கி அடுக்கினான். பெயர் தௌஹீத். கப்பலூரில் சின்னதாக ஐஸ்கிரீம் கம்பெனி வைத்திருக்கிறான்.

“இதுல அப்படி என்ன எழுதியிருக்கு?”

“காதல்...”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

“எங்க கம்பெனிக்குள்ள இதுவரைக்கும் வெனிலாதான் வந்திருக்கு. இப்பத்தான் காதல் வருது.”

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொய்க் கோபத்தோடு முறைத்தாள். “நான் சொல்லாம யாருக்கும் எடுத்துக் குடுக்கக் கூடாது. எங்க அத்தாவே வந்து கேட்டாலும்!”

“குடுக்க மாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றியதுதான் வினையானது.

மறுநாள் ஊர் திரும்பிய நிலோபரின் தகப்பனார் சேக் இஸ்மாயில், அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கொதித்துப்போனார். முன்பொருமுறை, படித்துவிட்டுத் தருகிறேன் என்று ஒரு புத்தகத்தை வாங்கிப்போனவன் வரவே இல்லை. நேரே கப்பலூருக்குக் கிளம்பிவிட்டார். பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் நிலோபர்.

“எடுடா என் கிதாபை!”

“இப்ப வெளிய எடுத்து வச்சா கெட்டுப்போயிரும் பாய். அவங்க சொல்லட்டும், தாரேன்.”

“ஐஸ் விக்கிற பயலுக்குக் கிதாபோட அருமை என்னடா தெரியும்? திருட்டுப் பயலே!”

வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தௌஹீதின் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் குளிர் அறைக் கதவிலிருந்து அவன் கை நகரவில்லை.

“நான்தான் அத்தா அப்படிச் சொல்லச் சொன்னேன்...” என்று நிலோபர் அழுது, ஒரு புத்தகமாவது காயட்டும், பொறுங்கள் என்று கெஞ்சி, அவரை அழைத்துப்போனாள்.

அதன்பிறகு வியாழன்தோறும் அவள் கப்பலூர் வந்தாள். முதலில் ஒரு புத்தகத்தை வெளியே எடுத்து, ஈரம் ஒற்றும் தாள்களை ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் வைத்து, விசிறிக் காற்றில் காயவிட்டாள். சாவி கொண்டுவந்து கொடுப்பவர் மேஸ்திரி விருமாண்டி. டீ கொண்டுவருவதும் அவரே. தௌஹீத் மட்டும் பக்கத்தில் வருவதே இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவன் முதுகுதான் தெரியும்.

அந்த முதுகைப் பார்க்கவா இத்தனை தூரம் பஸ் ஏறி வருகிறோம்... தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றது மனசு.

சில வாரங்களில் அந்த முதல் புத்தகம் காய்ந்து வீடு வந்தது. சேக் இஸ்மாயில் மெல்லத் திறந்தார். நீல ஓரம், தங்கக் கொடி, கறுத்த எழுத்து... ஒன்றும் கலையவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டவர் விம்மிவிட்டார்.

“அந்தப் புள்ளையப் போயி என்ன வார்த்தை சொல்லிப்புட்டேன்... கெளம்புங்க, இப்பவே போவோம்.”

கப்பலூரில், அதே வேலையாட்கள் முன்னால், தௌஹீதின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “மாப்பு குடுங்க தம்பி. எங்க பாட்டன் பூட்டன் வச்சுட்டுப் போனத மீட்டுக் குடுத்திருக்கீங்க. என்ன வேணும், கேளுங்க. எதுனாலும் தாரேன்.”

தௌஹீத் ஒரு நொடி நிலோபரைப் பார்த்தான். உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

“பெரியவங்க நீங்க... ஒண்ணும் வேணாம் பாய்.”

அத்தாவும் அம்மாவும் காருக்கு நடந்தார்கள். நிலோபர் நகரவில்லை. வெளியே மழை தூறத் தொடங்கியது.

“ஒண்ணுமே வேணாமா?”

“கேட்டா உங்க அத்தா நன்றிக்காகச் சரின்னுருவாரு. நீங்களும் நன்றிக்காகத் தலையாட்டிருவீங்க...” அவன் தரையைப் பார்த்தே பேசினான். “எனக்கு அப்படி வேணாங்க. அதான் தள்ளியே நின்னேன்.”

இதற்காகவா இத்தனை வியாழன்களும் முதுகைக் காட்டினாய்! நிலோபரின் கண்கள் நிறைந்தன.

“நன்றி இருக்கு. எங்க அத்தா திரும்பச் சிரிக்கிறாருன்னா உங்களாலதான். நான் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு தொழுகையிலயும் உங்களுக்காகத் துஆ கேப்பேன். ஆனா... நன்றின்னா சொல்லிட்டுக் கெளம்பிறலாம்ல? எனக்குக் கெளம்ப மனசு வரலையே...”

அவன் நிமிர்ந்தான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கண்களை நேராகப் பார்த்தான்.

“நிலோபர்... எனக்கு அந்தப் புஸ்தகமெல்லாம் காயவே கூடாதுன்னு இருந்துச்சு. காஞ்சு முடிச்சுட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு...”

வாசலில் கார் உறுமும் சத்தம் கேட்டது.

“இப்ப... உங்க அத்தாகிட்ட கேக்கலாமா?”

“ஓடுங்க... கார் கெளம்பிறப் போகுது!”

தூறலில் நனைந்தபடி தௌஹீத் ஓடினான்.