பதினோரு கிலோமீட்டர் மௌனம்

காலை ஐந்தரை மணிக்குக் காதிலிருந்து துணைமணியைக் கழற்றித் தட்டில் வைத்தேன். "நாச்சிமுத்து, இன்னைக்கு நல்ல காத்து. எதைப் பத்திப் பேசலாம்?" என்று அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தேன். கிண்ணத்துக்குள்ளும் அது பேசும். தனக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டு, நான் திரும்பி வரும்வரை சலிக்காமல் இருக்கும்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். வாய்க்கால் மேட்டுச் சாலையில் மதகு வரை போய், கரும்புக் காட்டைச் சுற்றித் திரும்பினால் பதினோரு கிலோமீட்டர். ஆறு வருடமாக அதே சாலைதான். எந்த வளைவில் பள்ளம், எந்தத் தென்னைக்கு அடியில் ஈரம் என்று என் முன்சக்கரத்துக்கே தெரியும். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் எதையும் யோசிப்பதுகூட இல்லை. யோசிக்காமல் இருக்க இந்தத் தாலுக்காவில் எனக்கு வேறு இடமில்லை.

தனிமை ஒழிப்புச் சட்டம் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. தனிமை மனிதர்களைக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார்கள், அது உண்மைதான். ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லோர் காதிலும் துணைமணி ஏறியது. விழித்திருக்கும்போது பத்து நிமிடம் நாம் வாய் திறக்காவிட்டால் அது நெருங்கிய உறவினருக்குத் தகவல் அனுப்பும். என் அத்தை மகன் இரண்டு முறை வந்திருக்கிறான். இரண்டு முறையும் குளியலறைக் கதவை உடைத்தான்.

விலக்கு உண்டு. தனிமை உரிமம் வைத்திருப்பவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்கலாம். எங்கள் தாலுக்காவில் நான்கு பேர் வைத்திருந்தோம். ஒருவரை மாடு முட்டிவிட்டது. அதற்கும் தனிமைக்கும் தொடர்பில்லை என்று விசாரணையில் தெரிந்தபோதும், புதுப்பிக்கும் தேர்வைக் கடுமையாக்கிவிட்டார்கள். இன்று எனக்குத் தேர்வு. தவறினால் வாழ்நாளுக்கும் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

வாசலில் தனிமை ஒழிப்புத் துறையின் சைக்கிளோடு ஒருவர் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழற்றிய துணைமணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் காதை விரலால் தடவியபடி இருந்தார்.

"வணக்கமுங்க. தேர்வாளருங்க, பேரு தெய்வசிகாமணி. போன வாரந்தான் இந்த வேலைக்கு மாத்துனாங்க. விதியை வாசிச்சுப் போடறனுங்க." தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். "விண்ணப்பதாரர் பயணம் முடியும்வரை பேசக் கூடாது, பாடக் கூடாது, சீழ்க்கை அடிக்கக் கூடாது. 'ம்' என்பதும் பேச்சே. தேர்வாளர் பத்தடி பின்னால் வருவார். நானு பேசலாமா கூடாதான்னு இதுல ஒண்ணும் போடலைங்க."

என் கைப்பிடியில் பேச்சளவியை மாட்டினார். சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. கிளம்பினோம்.

முதல் இரண்டு கிலோமீட்டர் நன்றாகவே போயிற்று. பின்னால் ஒரு செயின் சத்தம் கூடுதலாகக் கேட்டதைத் தவிர வழக்கமான காலைதான். மூன்றாவது கிலோமீட்டரில் அவர் சொன்னார்:

"ஏனுங்க, அது என்னங்க சத்தம்?"

எது என்று நான் கேட்கவில்லை.

"உஸ்ஸுங்குது. ஓ, காத்துங்களா. பத்தொம்பது வருசமாச்சுங்க, காதுல காத்துப் பட்டு."

இது தேர்வின் ஒரு பகுதி என்று நினைத்தேன். வாயைத் திறக்க வைக்கும் பொறி. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். ஆனால் பொறி வைப்பவர் இவ்வளவு அலைபாய மாட்டார். கரும்பு விலையைச் சொன்னார், தன் முழங்கால் வலியைச் சொன்னார், மேலதிகாரி பழுப்பு நிறச் செருப்பை மட்டுமே போடுவதைச் சொன்னார். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். நம் ஊரில் யாரும் கதையை முழுதாகச் சொல்வதில்லை. மீதிப் பாதியை, கேட்பவரின் 'ம்' சொல்லும். அந்த 'ம்' விழ வேண்டிய ஒவ்வோர் இடமும் சாலைப் பள்ளம் போல என்னைத் தூக்கிப் போட்டது.

மதகைத் தாண்டி, கரும்புக் காட்டையும் சுற்றி, வாய்க்கால் மேட்டுக்குத் திரும்பினோம். அவர் குரல் தணிந்தது.

"என்ற ஊட்டுக்காரிக்கும் எனக்கும் சண்டையெல்லாம் இல்லைங்க. அவ பாட்டுக்கு அவ மணிகூடப் பேசுவா. நான் பாட்டுக்கு என்ற மணிகூடப் பேசுவேன். ஊடு பூரா சத்தமாத்தான் இருக்கும். மூணு வாரத்துக்கு முன்னால ஒரு நாள் காலையில, தோசை ஊத்திட்டே திரும்பிப் பார்க்காம ஒண்ணு கேட்டா. அவ மணியைத்தான் கேக்கறாளாக்கும்னு நானு சும்மா இருந்துட்டேன். அன்னையிலிருந்து அவ மணிகூடவும் சரியாப் பேசறதில்லைங்க."

அதோடு நிறுத்திவிட்டார்.

நான் காத்திருந்தேன். ஒரு தென்னந்தோப்பு போயிற்று, ஒரு மோட்டார் கொட்டகை போயிற்று. செயின் சத்தம் மட்டும் வந்தது. எனக்கு நீண்ட மௌனங்கள் பிடிக்கும். வாழ்நாளில் மௌனத்தைத் தவிர வேறெதற்கும் நான் விண்ணப்பித்ததில்லை. ஆனால் இது என்னுடைய மௌனமாக இல்லை. யாரோ கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பது போலிருந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர்தான். நான்கு நிமிடம் வாயை மூடியிருந்தால் மேலும் ஒரு வருடக் காலைகள் என்னுடையவை.

பிரேக்கைப் பிடித்தேன்.

"என்ன கேட்டாங்க?"

விளக்கு சிவப்பானது. அதை இரண்டு பேருமே பார்த்தோம்.

"இன்னைக்கு எங்காச்சும் போலாமான்னு" என்றார் அவர் மெதுவாக. "என்னைக் கேட்டாளா, மணியைக் கேட்டாளான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலைங்க. என்ற மணிகிட்டக் கேட்டேன். அது 'ம்'முங்குது."

உரிமம் போய்விட்டது. இனி என்ன பேசினாலும் ஒன்றுதான்.

"சரியா நெனச்சுப் பாருங்க. 'போலாமா'ன்னாங்களா, 'போலாமாங்க'ன்னாங்களா?"

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நம்ம பக்கம் நடை பழகற கொழந்தைக்கே 'வாங்க, போங்க'தான். தபால்காரர், வாத்தியார், அடுத்த வீட்டுக்காரம்மா, எல்லாருக்கும் 'ங்க'தான். மணிக்கு யாராச்சும் 'ங்க' போட்டுப் பார்த்திருக்கீங்களா?"

தெய்வசிகாமணி ஒரு காலைத் தரையில் ஊன்றி வாய்க்காலைப் பார்த்தார். உதடு அசைந்தது. மனைவி சொன்னதைத் தானே சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒரு முறை, இன்னொரு முறை. பிறகு முகம் வெளுத்துவிட்டது.

"போலாமாங்க" என்றார். "'ங்க' இருந்துச்சுங்க. நல்லா நெனவிருக்குது."

"அப்ப உங்களைத்தான் கேட்டிருக்காங்க."

"மூணு வாரம் ஆயிப்போச்சுங்களே. இனிப் போயிச் சொன்னா என்னன்னு நெனைப்பா?"

"மூணு வாரமா யோசிச்சீங்கன்னு நெனைப்பாங்க. யோசிச்சதும் நெசந்தானே?"

அவர் சைக்கிளைத் திருப்பினார். துறை சைக்கிள், கனம் அதிகம். வரப்பில் மோதி நிமிர்ந்தது. "உங்க பரீட்சை?" என்றார்.

"போங்க."

இருக்கையில் உட்காராமல் மிதித்துக்கொண்டு போனார். அரசாங்க வேலையில் இருப்பவர் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை. மீதி ஒரு கிலோமீட்டரை நான் தனியாக ஓட்டினேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கே போவார்கள்? அணைக்கட்டா, மலைக்கோயிலா?

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. துணைமணிதான் வாசித்தது. 'விண்ணப்பதாரர் தனிமைக்குத் தகுதியற்றவர். காரணம்: பிறர்மேல் அக்கறை. தேர்வாளர் குடும்பத்துடன் வெளியூர் சென்றிருப்பதால் கையொப்பம் பின்னர் இடப்படும்.' கீழே மேல்முறையீட்டுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'மேற்கண்ட காரணத்தை மறுக்கிறீர்களா?'

"என்ன போடட்டும் நாச்சிமுத்து?"

ஒன்பதாவது நிமிடம் வரை வாயைத் திறக்கவில்லை.

"மறுக்கலைன்னு போடு" என்றேன்.